கட்டில் போல்ட் எந்தப் பெட்டியில்? புனேவுக்கு வீடு மாற்றிய அனுபவம்

சென்னையிலிருந்து புனேவுக்குச் சாமான் எல்லாம் வந்து சேர்ந்தது. கட்டிலின் போல்ட், அதை முடுக்கும் ஆலன் கீ மட்டும் கிடைக்கவில்லை. 'பெட்ரூம்' என்று எழுதிய பெட்டிகளை எல்லாம் பிரித்தாயிற்று, இல்லை. சாமான் கட்டி அனுப்பிய பேக்கர்ஸ் நிறுவனம் தந்த பட்டியலோ உதவாது: பாதிப் பெட்டிகளுக்கு 'வீட்டுச் சாமான்' என்றுதான் இருக்கும். ஏற்றிய ஆட்களுக்கு போன் செய்தும் பயனில்லை, இறக்கியவர்கள் வேறு ஆட்கள்.

கடைசியில் கை கொடுத்தது போனில் இருந்த படங்களின் நேரம். கட்டிலைக் கழற்றும்போது எடுத்த படம் காலை 11:40. அதற்கடுத்து டேப் ஒட்டிய பெட்டியின் படத்தில் ஸ்டிக்கர் எண் 23. அது சமையலறைப் பெட்டி! குக்கருக்குள் போல்ட் போட்ட கவர் இருந்தது. கழற்றுபவர்கள் அந்த நேரத்தில் எந்தப் பெட்டி திறந்திருக்கிறதோ அதில்தான் போடுவார்கள், அறையைப் பார்ப்பதில்லை. அப்பாடா என்றிருந்தது.

இனி செய்ய வேண்டியது: போல்ட்டுகளை ஜிப் கவரில் போட்டு, கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்பக்கம் கட்டிவிடுங்கள். பிரவுன் டேப்பை நேராக மரத்தில் ஒட்டினால் பாலிஷ் உரியும். முதலில் ஸ்ட்ரெச் ஃபிலிம் (இழுத்துச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றி, அதன்மேல் ஒட்டுங்கள். பெட்டி எண்ணை மேல்மூடியில் மட்டும் எழுதினால் அடுக்கியதும் மறைந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் எழுதுங்கள். ஒவ்வொரு பெட்டியையும் மூடுமுன் ஒரு படம், ஒட்டியபின் எண் தெரிய இன்னொரு படம்.