பிராக்மாட்டிசம் படிக்க ஒரு வழி: பஞ்சுக்குள் எரிந்த வைரத்திலிருந்து தொடங்குங்கள்

நான் 31 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். தத்துவத்தைக் கல்லூரியில் படித்தவள் அல்ல. ஓய்வுக்குப் பிறகு திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு காலைகளில் ஆறு பேர் கூடிப் படிக்கிறோம்: ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஒரு செவிலியர், ஒரு தையற்கடைக்காரர், இரண்டு கல்லூரி மாணவர்கள், நான். போன ஆண்டு பிராக்மாட்டிசத்தை எடுத்துக்கொண்டோம். அமெரிக்காவில் பிறந்து, இடையில் மங்கி, 1980 வாக்கில் மறுபடி எழுந்த தத்துவச் சிந்தனை அது; ஒரு கருத்தின் பொருளை அதன் விளைவுகளில் தேடுவது. அதை நீங்களும் படிக்க நினைத்தால் எங்கிருந்து தொடங்கி எப்படிப் போகலாம் என்று எங்கள் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், ரிச்சர்ட் ரார்ட்டியிடம் தொடங்காதீர்கள். நாங்கள் அங்கேதான் தொடங்கினோம். பிராக்மாட்டிசத்துக்கு மறுவாழ்வு தந்தவர் அவர் என்று எல்லோரும் சொல்வதால், 1979இல் வந்த அவருடைய 'தத்துவமும் இயற்கையின் கண்ணாடியும்' நூலை விரித்தோம். பழைய ஐரோப்பியத் தத்துவவாதிகளான தேகார்த்தும் லாக்கும் கான்ட்டும் போட்டுவைத்த முடிச்சுகளை அவிழ்க்கும் நூல் அது. அந்த முடிச்சுகளே தெரியாதவருக்கு ஒன்றுதான் காதில் விழும்: 'உண்மை என்று எதுவும் இல்லை.' அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மூன்று ஞாயிறுகள் நாங்கள் அதை வைத்துத்தான் சண்டை போட்டோம்.

அடுத்து, பெயரைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். தமிழில் 'நடைமுறைவாதம்', 'பயன்வழிவாதம்' என்று எழுதுகிறார்கள். முதலாவதைக் கேட்டால் 'அனுசரித்துப் போவது' என்று தோன்றுகிறது. இரண்டாவதைக் கேட்டால் பெரும்பான்மையோரின் இன்பத்தைக் கணக்குப் பார்க்கும் வேறொரு கொள்கையோடு குழம்புகிறது. 'காரியவாதி' என்ற வசைச்சொல் வேறு பக்கத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்திலும் இதே சிக்கல் இருந்தது. இந்தக் கொள்கைக்கு வித்திட்ட சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ், மற்றவர்கள் இந்தப் பெயரைக் கண்டபடி இழுத்ததைப் பொறுக்க முடியாமல், 1905இல் தன் கருத்துக்கு 'பிராக்மாட்டிசிசம்' என்று வேறு பெயர் வைத்தார். கடத்திப் போகிறவர்கள் தொடமாட்டாத அளவுக்கு அது அவலட்சணமான பெயர் என்றும் சொன்னார். நாங்கள் பிராக்மாட்டிசம் என்றே வைத்துக்கொண்டோம். பழைய அர்த்தம் எதுவும் ஒட்டாத சொல் படிப்பதற்கு வசதி.

இப்போது பர்ஸிடம் வாருங்கள். பியர்ஸ் என்று எழுதுவோர் உண்டு, உச்சரிப்பு பர்ஸ்தான். 1877, 1878இல் அறிவியல் மாத இதழ் ஒன்றில் அடுத்தடுத்து வந்த இரண்டு கட்டுரைகள் போதும். முதலாவது, மனிதர்கள் தம் நம்பிக்கைகளை எப்படி நிலைநிறுத்திக்கொள்கிறார்கள் என்பது பற்றியது: பிடிவாதத்தால், அதிகாரத்தால், 'இதுதான் அறிவுக்குப் பொருந்துகிறது' என்ற ருசியால், கடைசியாக நம் விருப்பு வெறுப்புக்கு வளையாத ஒன்றின் முன் சோதித்துப் பார்ப்பதால். இரண்டாவதன் தலைப்பு, 'நம் கருத்துகளைத் தெளிவாக்குவது எப்படி'. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு கட்டுரைக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஓடாதீர்கள்.

பர்ஸை எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர் சுமார் 30 ஆண்டுகள் அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில் வேலை பார்த்தவர். ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பை அளந்தவர். நானும் பிளஸ் ஒன் ஆய்வகத்தில் ஆண்டு தவறாமல் தனி ஊசலை ஆடவிட்டிருக்கிறேன். 20 அலைவுகளை எண்ணி, நேரம் குறித்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்குப் போட்டால் ஒருவனுக்கு 9.6 வரும், இன்னொருத்திக்கு 10.1 வரும். பாதிப் பிள்ளைகள் அளப்பதற்கு முன்பே ரெக்கார்டு நோட்டில் பாடநூல் சொல்லும் 9.8 என்று எழுதிவைத்துவிடுவார்கள். பர்ஸ் சொல்லும் 'அதிகார வழி' அதுதான். நூலைப் பிடித்து அளந்த கைக்குத்தான் தெரியும், ஒவ்வோர் அளவும் கொஞ்சம் தவறும், ஆனாலும் திரும்பத் திரும்ப அளந்தால் எண்கள் ஓரிடத்தை நோக்கி நெருங்கும் என்று. பர்ஸின் தத்துவம் முழுவதும் இந்த இரண்டு வரியில் நிற்கிறது என்பது என் எண்ணம்.

இரண்டாம் கட்டுரையின் விதியைப் புரிந்துகொள்ள வீட்டுச் சொல் ஒன்றை எடுங்கள். நாங்கள் எடுத்தது 'நல்ல தண்ணீர்'. தண்ணீரில் நல்லது எது? சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறாது, குடித்தால் நாக்கில் உப்புக் கரிக்காது. இவற்றை எல்லாம் எடுத்துவிட்டால் 'நல்ல' என்ற சொல்லில் மிச்சம் என்ன? ஒன்றுமில்லை. ஒரு கருத்தின் பொருள், அது உண்மையானால் நாம் எதிர்பார்க்கக்கூடிய விளைவுகளின் தொகுப்பே என்கிறார் பர்ஸ். இந்தப் பயிற்சியை எல்லோரும் தனித்தனியே செய்யுங்கள். 'பக்தி', 'திறமை', 'கௌரவம்' என்று ஏதாவது ஒரு சொல்லை எடுத்து, அதன் கீழே எதிர்பார்ப்புகளை எழுதுங்கள். எழுத எதுவும் வராத சொற்களை அடையாளம் காண்பதுதான் பலன். எங்களுக்கு அப்படி அகப்பட்ட சொல் 'தராதரம்'.

இனி வைரம். இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். பிற்காலச் சண்டை எல்லாம் இதற்குள் இருக்கிறது. பர்ஸ் கேட்கிறார்: மெத்தென்ற பஞ்சுக்குள் ஒரு வைரம் உருவாகி, யாரும் அதை எதனாலும் கீறிப் பார்க்காமலே, அங்கேயே எரிந்து போய்விட்டது. அந்த வைரம் கடினமானதா? 1878இல் அவர் தந்த பதில்: மென்மையானது என்று சொன்னாலும் பொய்யாகாது, எப்படிப் பேசிக்கொள்வது என்பது நம் வசதி. 1905இல் அதே ஆள் அதே கேள்விக்குத் திரும்பி வந்து, தான் சொன்னது தவறு என்றார். யாரும் கீறவில்லை என்றாலும், கீறியிருந்தால் தாங்கியிருக்கும். அந்த 'இருந்தால்' நம் பேச்சுவழக்கைச் சார்ந்தது அல்ல, உலகத்தில் உள்ளது. 27 ஆண்டுகள் கழித்துத் தன் புகழ்பெற்ற உதாரணத்தையே திருத்திய அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். உங்கள் குழுவில் இதை விவாதித்து, யார் 1878 பக்கம், யார் 1905 பக்கம் என்று பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்தச் சிந்தனையைப் பரவலாக்கிய வில்லியம் ஜேம்ஸுக்கு இரண்டு வாரம் போதும். 1907இல் வந்த 'பிராக்மாட்டிசம்' சொற்பொழிவுகளில் இரண்டாவதையும் ஆறாவதையும் படியுங்கள். மரத்தைச் சுற்றும் மனிதனும் அவனுக்கு முகம் காட்டியபடி மறுபக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும் அணிலும் வரும் கதை இரண்டாவதில் இருக்கிறது. ஆறாவதில் ஒரு குழி உண்டு. நம் சிந்தனைப் பாதையில் எது உதவுகிறதோ அதுவே உண்மை என்று அவர் சொல்லும் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு நூறு ஆண்டுகளாக அவரை அடிக்கிறார்கள். நீண்ட காலத்தில், மொத்தத்தில் பார்க்கும்போது உதவுவது என்று அவரே ஒட்டிச் சொல்கிறார். அதையும் சேர்த்து அடிக்கோடிடுங்கள்.

இவர்களுக்கு அடுத்த பெரிய பிராக்மாட்டிஸ்டான ஜான் டூயியிடம் வரும்போது தடித்த தர்க்க நூலைத் தொடாமல், 1916இல் வந்த 'ஜனநாயகமும் கல்வியும்' நூலின் ஏழாம் அத்தியாயத்தைத் திறங்கள். ஜனநாயகம் என்பது ஓர் அரசாங்க வகைக்கும் மேலானது, சேர்ந்து வாழும் முறை, அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் முறை என்ற வாக்கியம் அங்கே வருகிறது. எங்களில் அந்த வாக்கியத்தை முன்பே அறிந்திருந்தவர் தபால்காரர் ஐயா. அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலில் கிட்டத்தட்ட அதே சொற்களில் அது இருக்கிறது. 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது அம்பேத்கர் டூயியின் மாணவர். 1936இல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, கூட்டமே ரத்தாகி, சொந்தச் செலவில் அச்சிட்ட அந்த உரையில், டூயி தன் ஆசிரியர், அவருக்குத் தான் மிகவும் கடன்பட்டவன் என்று எழுதுகிறார். பெரியாரின் முயற்சியால் அந்த உரை 1930களிலேயே தமிழுக்கும் வந்துவிட்டது. ஆக, பிராக்மாட்டிசம் நம் மொழிக்குள் வந்து பல காலம் ஆகிறது. வேறு பெயரில் இருந்ததால் நாம் அடையாளம் காணவில்லை. டூயியையும் அம்பேத்கரையும் ஒரே வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆசிரியர் சொன்னதை மாணவர் எங்கே அப்படியே எடுக்கிறார், எங்கே சாதி என்ற உண்மையின் முன் அதை வளைத்துக் கூர்மையாக்குகிறார் என்று குறியுங்கள். இந்த நூல் வரிசையில் எங்களுக்கு அதிகம் கிடைத்தது அந்த வாரம்தான்.

அன்று ஐயா தன் பயிற்சி நோட்டில் எழுதி வந்தது: 'எங்கள் தெருவில் எல்லோரும் சமம்.' அதன் கீழே எதிர்பார்ப்புகள்: தண்ணீர் கேட்டால் உள்ளே அழைப்பார்கள், வீட்டு டம்ளரிலேயே தருவார்கள், குடித்தபின் தனியாகக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். 34 ஆண்டுகள் வீடு வீடாகப் போனவர் அவர். எந்தெந்த வரி எத்தனை வீட்டில் பொய்த்தது என்று பக்கத்தில் எழுதியிருந்தார்.

இனித்தான் மறுமலர்ச்சி. டூயி 1952இல் இறந்தார். அதற்கு முன்பே அமெரிக்கத் தத்துவத் துறைகளில் காற்று மாறிவிட்டது. ஹிட்லரின் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த தத்துவவாதி கார்னாப் போன்றவர்களின் தர்க்கக் கூர்மைக்கு முன்னால் டூயியின் பரந்த எழுத்து தளர்ந்ததாகத் தெரிந்தது. ஆனாலும் நூல் அறுந்துவிடவில்லை. 1951இல் அமெரிக்கத் தத்துவவாதி குவைன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தான் இன்னும் முழுமையான பிராக்மாட்டிசத்தை ஏற்பதாகச் சொல்லித்தான் முடிகிறது. அதற்குப் பிறகு ரார்ட்டி. மனம் உலகத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடி என்ற உருவகமே தவறு; நமக்கு இருப்பது ஒருவருக்கொருவர் காரணம் சொல்லி நியாயப்படுத்தும் பேச்சு மட்டுமே; அதற்கு மேலே 'உண்மை' என்று தனியாக ஓர் இலக்கு தேவையில்லை. விட்கன்ஸ்டைன், ஹைடெக்கரோடு டூயியையும் நூற்றாண்டின் மூன்று முக்கியத் தத்துவவாதிகளில் ஒருவராக அவர் நிறுத்தினார். தூசி படிந்த அலமாரியிலிருந்து டூயி மறுபடி மேசைக்கு வந்தார்.

இங்கே உங்கள் வைரக் குறிப்பை எடுங்கள். அதோடு உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவத்தையும் எடுங்கள், நியாயம் என்று நீங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டு பிறகு தவறாகிப் போன ஒன்று. என்னுடையது இது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் செய்முறைத் தேர்வு நாளில் நுண்ணிய நீளங்களை அளக்கும் ஒரு வெர்னியர் காலிப்பர் குறைந்தது. கடைசியாக அந்த மேசையில் இருந்த பையன் எடுத்தான் என்று ஆசிரியர்கள் எல்லோரும் முடிவுக்கு வந்தோம். காரணங்கள் இருந்தன, சாட்சி இருந்தது, எதிர்த்துப் பேச ஆள் இல்லை. நானும் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆண்டு ஸ்டாக் எடுக்கும்போது அலமாரியின் கீழ் இழுப்பறைக்குப் பின்னால் அது கிடந்தது. பையன் அதற்குள் டி.சி. வாங்கிப் போய்விட்டான்.

எங்கள் வட்டத்துக்குள் அது முழுக்க நியாயப்படுத்தப்பட்ட முடிவுதான். ரார்ட்டி இதை அறியாதவர் அல்ல. நியாயப்படுத்தப்பட்டது உண்மையாக இல்லாமல் போகலாம் என்று எச்சரிக்க 'உண்மை' என்ற சொல் பயன்படும் என்று அவரே எழுதுகிறார். 'நாம்' என்று சொல்லும் வட்டத்தைப் பெரிதாக்குங்கள், இதுவரை கேட்காத குரலைக் கேளுங்கள் என்பதும் அவர் வற்புறுத்திய விஷயம். அந்தப் பையனை உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பதில் அவர் என் பக்கம். ஆனாலும் எனக்கு அது போதவில்லை. அந்தக் காலிப்பர் கண்ணில் படாமலே பழைய இரும்போடு போயிருந்தால்? ஒருவர்கூடக் கடைசிவரை மனம் மாறியிருக்க மாட்டோம். அப்போதும் அவன் எடுக்கவில்லைதான். பஞ்சுக்குள் எரிந்த வைரம் அப்போதும் கடினமானதுதான். 1905ஆம் ஆண்டு பர்ஸ் இதற்காகத்தான் எனக்கு வேண்டும்.

ஆகவே ரார்ட்டியைத் தனியே படிக்காதீர்கள். இன்றைய தத்துவவாதி செரில் மிசாக்கை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம் சோதித்தாலும் அசையாமல் நிற்கக்கூடிய நம்பிக்கையே உண்மை என்ற பர்ஸின் இழையை 1991 முதல் அவர் கவனமாகச் சரிசெய்து தருகிறார். 2013இல் வந்த அவருடைய 'அமெரிக்கப் பிராக்மாட்டிஸ்டுகள்' நூல் முழு வரலாற்றையும் ஒரே தொகுதியில் கொடுக்கும். அமெரிக்கத் தத்துவவாதி ஹிலரி புட்னமின் 2002ஆம் ஆண்டு நூல், உண்மை ஒரு பக்கம், மதிப்பு ஒரு பக்கம் என்று பிரிக்கும் கோட்டை உடைப்பது. செவிலியருக்கு மிகவும் பிடித்தது அதுதான். 'நோயாளி அவதிப்படுகிறார்' என்று குறிப்பேட்டில் எழுதுவது தகவலா, மதிப்பீடா என்று அவர் கேட்டார். ரார்ட்டியின் மாணவர் ராபர்ட் பிராண்டமை இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள், மிகக் கடினம்.

இதன் செல்வாக்கு எங்கெல்லாம் போனது என்று தேடினால் சட்டத்தில் அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ், சிகாகோவில் 1889இல் ஹல் ஹவுஸ் என்ற சமூகச் சேவை இல்லத்தைத் தொடங்கிய ஜேன் ஆடம்ஸ், ஜெர்மனியில் தத்துவவாதி ஹாபர்மாஸ், கறுப்பினச் சிந்தனையில் கார்னல் வெஸ்ட் என்று பாதைகள் பிரியும். குழுவில் ஆளுக்கு ஒரு பாதையைக் கொடுத்து அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள்.

முடிப்பதற்கு ஒரு நல்ல பிரதி உண்டு. தத்துவவாதி சூசன் ஹேக், பர்ஸும் ரார்ட்டியும் நேரில் பேசிக்கொள்வதுபோல, இருவருடைய சொந்த எழுத்துகளிலிருந்தே வரிகளை எடுத்துக் கோத்த ஒரு கற்பனை உரையாடல். மூன்று குரல்கள் வேண்டும். எங்கள் மாடியில் செவிலியர் பர்ஸாக வாசித்தார், மாணவர்களில் ஒருவர் ரார்ட்டியாக வாசித்தார், கேள்வி கேட்பவராக நான். தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்ததால் இரண்டரை மணி நேரம் ஆனது. நீங்கள் வாசிக்கும்போது 1878, 1905 என்று பெயர் எழுதிய அந்தப் பழைய தாளை மேசையில் வையுங்கள். எங்களில் இரண்டு பேர் அன்று பக்கம் மாறினார்கள். ஒருவர் ரார்ட்டி பக்கம் போனார்.