மரபணுத்தொகுதியைக் கொண்டு ஒரு பாக்டீரியாவின் ஓம்புயிர்ச் சார்பைக் கணிக்கும் முறை

பூச்சியின் உடலுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா தன் ஓம்புயிரியை, அதாவது தனக்கு இடம் தரும் அந்தப் பூச்சியை, எவ்வளவு சார்ந்திருக்கிறது என்று அறிய, அதன் மரபணுத்தொகுதி (முழு டிஎன்ஏ) கையில் கிடைத்ததும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது அதன் நீளத்தைத்தான். அதைக் கடைசியில் பார்ப்பதே நல்லது. கடல்நீரில் எந்த உயிரியின் துணையுமின்றி வாழும் பெலாஜிபாக்டருக்குச் சுமார் 13 லட்சம் கார இணைகளே (டிஎன்ஏவின் நீளத்தை அளக்கும் அலகு) உள்ளன. அரிசிக் கூன்வண்டின் உடலுக்குள் அடைபட்டு வாழும் சோடாலிஸ் பியரன்டோனியஸுக்கோ ஏறத்தாழ 45 லட்சம். சார்பு மிகுந்தால் தொகுதி சுருங்கும் என்று எண்ணி நீளத்தை மட்டும் நம்பினால் இரண்டையும் தவறாகவே வகைப்படுத்துவோம்.

முதலில், ஒப்பிடுவதற்குத் தன்னிச்சையாக வாழும் நெருங்கிய உறவினம் ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். எதை இழந்தது என்பதை, எதை வைத்திருந்தது என்று தெரிந்த பிறகே சொல்ல முடியும். சோடாலிஸ் இனங்களுக்கு இந்த வாய்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது: அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் காட்டு ஆப்பிள் மரக்கிளை கையில் குத்திய ஒருவரின் காயத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பாக்டீரியா, பூச்சிகளுக்குள் வாழும் சோடாலிஸ்களின் நெருங்கிய உறவினம் என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வளவு நெருங்கிய உறவினம் கிடைக்காவிட்டால் குடலில் வாழும் ஈ. கோலை போன்ற தொலைவான உறவினத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் முடிவுகளை அதற்கேற்ற தயக்கத்தோடு சொல்ல வேண்டும்.

அடுத்து, செயலிழந்த மரபணுக்களை எண்ண வேண்டும். இதுவே இந்த முறையின் மையம். ஓம்புயிரி உணவையும் பாதுகாப்பையும் தரும்போது பல மரபணுக்கள் தேவையற்றுப்போகின்றன. அவற்றில் ஏற்படும் பிழைகளை இயற்கைத் தேர்வு களைவதில்லை. தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டைக்குச் சில பாக்டீரியாக்களே கடத்தப்படுவதால், சிறு தீங்கு தரும் பிழைகளும் தற்செயலாக நிலைபெற்றுவிடுகின்றன. புதிய மரபணுக்களைத் தந்து ஈடுசெய்யப் பிற பாக்டீரியாக்களும் அருகில் இல்லை. பாக்டீரியாக்களில் பொதுவாக நீக்கப்பிழைகள் மிகுதி என்பதால், பயனற்ற மரபணு நெடுங்காலம் தங்குவதில்லை. ஆகவே அரைகுறையாகச் சிதைந்த மரபணுக்கள் குவிந்து கிடந்தால், சார்பு அண்மையில் தொடங்கியது என்று பொருள் கொள்ளலாம். கூன்வண்டுக்கு அந்த பாக்டீரியா வாய்த்து ஏறக்குறைய 28,000 ஆண்டுகளே ஆகியிருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. அதற்குள் அதன் புரத மரபணுக்களில் கிட்டத்தட்டப் பாதி செயலிழந்துவிட்டன. இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துணுக்குகளும் அதில் பெருகி, மரபணு வரிசையைக் கலைத்திருக்கின்றன. இவ்விரண்டும் ஒருசேரக் காணப்படுவதை இளம் கூட்டுவாழ்வின் அடையாளமாகக் கொள்வேன்.

முதிர்ந்த நிலையில் இந்தச் சிதைவுகள் மறைந்துவிடுகின்றன. அசுவினிப் பூச்சிக்குள் வாழும் புக்னெராவின் மரபணுத்தொகுதி 2000-இல் வெளியானபோது 6,40,681 கார இணைகளே இருந்தன, ஈ. கோலைக்கு 46 லட்சம். தாவும் துணுக்குகள் அதில் இல்லை. டிஎன்ஏவைப் பழுதுபார்க்க உதவும் ரெக்-ஏ மரபணுவும் இல்லை. ஜி-சி விகிதம், அதாவது டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஜி, சி ஆகிய இரண்டின் பங்கு, 26 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. வெவ்வேறு அசுவினி இனங்களின் புக்னெராக்களை ஒப்பிட்டால், ஐந்து கோடி ஆண்டுகளாக மரபணு வரிசை ஏறத்தாழ மாறாமலிருப்பது தெரிகிறது. கலைய வேண்டியதெல்லாம் முன்பே கலைந்துவிட்டது.

இதுவரை சொன்னவை சார்பைக் காட்டுமேயன்றி, அது நட்பா நோயா என்பதைக் காட்டா. தொழுநோய்க் கிருமியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயலிழந்த மரபணுக்கள் உண்டு. எனவே எஞ்சியிருப்பவற்றைப் பட்டியலிட வேண்டும். புக்னெரா தன் சவ்வுக்கான பாஸ்போலிப்பிடுகளைத் தயாரிக்கும் திறனைக்கூட இழந்திருக்கிறது. ஆனால் அசுவினி உறிஞ்சும் தாவரச் சாற்றில் போதாத இன்றியமையா அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் மரபணுக்களைக் காத்துவைத்திருக்கிறது. தனக்கே வேண்டியதை விட்டுவிட்டு ஓம்புயிரிக்கு வேண்டியதை வைத்திருக்கும் இந்தப் போக்கு தென்பட்டால் கூட்டுயிரி என்று துணிந்து எழுதலாம்.

முடிந்தால் ஆய்வகத்தில் வளர்த்தும் பார்க்க வேண்டும். செட்சி ஈயின் சோடாலிஸ் பல மரபணுக்களை இழந்தும் வளர்ப்பு ஊடகத்தில் வளர்கிறது, புக்னெரா வளர்வதில்லை.

பயணத்தின் தொடக்கத்தை மட்டும் இந்த முறையால் பிடிக்க இயலாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு நாற்றப்பூச்சியின் குடலில் தலைமுறைதோறும் வளர்க்கப்பட்ட ஈ. கோலை, அதற்கு உதவும் கூட்டாளியாக மாறியது. சர்க்கரைப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அமைப்பில் ஒரேயொரு மரபணு மாற்றமே அதற்குப் போதுமானதாக இருந்தது. அத்தகைய பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி தன்னிச்சையாக வாழும் உறவினத்தினுடையதைப் போலவே தோன்றும். அந்த நிலையில், பாக்டீரியா நீக்கப்பட்ட பூச்சிகளையும் அது உள்ள பூச்சிகளையும் தனித்தனியே வளர்த்து, எவை முதிர்ச்சியடைகின்றன என்று ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.