பேசும்போது பின்னணி இசை தானாகக் குறைய

ஓபிஎஸ் (OBS) என்ற நேரலை மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள், பேசும்போதெல்லாம் இசையைக் கையால் குறைக்க வேண்டாம். இசை வரும் சோர்ஸின் ஃபில்டர்ஸில் சத்தத்தைத் தானாகக் குறைக்கும் 'கம்ப்ரசர்' சேர்த்து, அதன் சைட்செயின் பகுதியில், அதாவது எந்த ஒலியைக் கேட்டு இசையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில், உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். குரல் வந்ததும் இசை தணியும். எந்த அளவுக்குத் தணிய வேண்டும் என்பதைச் சொல்லும் ரேஷியோ 10:1 இருக்கட்டும்.

எவ்வளவு சத்தம் வந்தால் இசை குறையத் தொடங்கும் என்ற எல்லையான த்ரெஷோல்டில்தான் விஷயமே. மைனஸ் 30 டெசிபல் பக்கம் தொடங்குங்கள். அதற்கும் கீழே ரொம்பப் போனால் ஃபேன் சத்தத்துக்கும் கீபோர்டு தட்டலுக்கும்கூட இசை அடங்கிவிடும். பேச்சு எது, தும்மல் எது என்றெல்லாம் கம்ப்ரசருக்குத் தெரியாது, சத்தத்தின் அளவை மட்டுமே பார்க்கும். அப்புறம், ரிலீஸ், அதாவது பேச்சு நின்றதும் இசை பழைய அளவுக்குத் திரும்பும் நேரம், முதலில் 60 மில்லிசெகண்டில் இருக்கும். அப்படியே விட்டால் சொல்லுக்குச் சொல் இசை ஏறி இறங்கி எரிச்சலூட்டும். 600க்கு மேல் வையுங்கள்.