சாம்பாவை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தல்: கான்ஃபிகர் கட்டத்திலேயே எடுக்க வேண்டிய முடிவுகள்

லினக்ஸ் கணினியிலுள்ள கோப்புறைகளையும் அச்சுப்பொறிகளையும் அதே வலையிலுள்ள விண்டோஸ் கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் சர்வர் மென்பொருள் சாம்பா. இதைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் தங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடு) தரும் ஆயத்தத் தொகுப்பை நிறுவி, எஸ்எம்பி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பைத் திருத்தி, சர்வரை மறுதொடக்கம் செய்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; அதுவே போதுமானது என்றால் அவர்கள் மூலநிரல் பக்கம் வரவே வேண்டாம். ஆனால் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்பவர், அதாவது அதை இயங்கும் நிரலாகத் தானே மாற்றிக்கொள்பவர், அறிய வேண்டிய ஒன்று உண்டு. அந்த எஸ்எம்பி.கான்ஃப் எந்த இடத்தில் இருக்கும், கடவுச்சொற்கள் எங்கே சேமிக்கப்படும், அச்சு வசதி உள்ளே இருக்குமா என்பவை எல்லாம் கம்பைல் செய்யும்போதே நிரலுக்குள் பதிந்துவிடுகின்றன. பிறகு கான்ஃப் கோப்பில் எத்தனை வரி எழுதினாலும், உள்ளே இல்லாத வசதியை வரவழைக்க முடியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

கீழே கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் தமிழ் எழுத்தில் ஒலிப்பாகவே தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

முதல் படி: ஏற்கெனவே இருக்கும் சர்வரை விசாரியுங்கள்

எஸ்எம்பிடி என்பது சாம்பாவின் முதன்மை சர்வர் நிரல். எஸ்எம்பிடி -பி என்ற கட்டளை, அந்த நிரல் எப்படிக் கம்பைல் செய்யப்பட்டது என்பதை முழுவதுமாகச் சொல்லிவிடும். நீண்டு ஓடும் அந்த வெளியீட்டில் தொடக்கத்திலேயே பாதைகள் என்ற பகுதி வரும். அதில் கான்ஃபிக்ஃபைல், லாக்டிர், ஸ்டேட்டிர், பிரைவேட்_டிர், மாட்யூல்ஸ்டிர் ஆகிய பெயர்களுக்கு எதிரே உள்ள பாதைகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஹேவ் என்று தொடங்கும் நூற்றுக்கணக்கான வரிகள் வரும். எந்தெந்த நூலகங்கள் கம்பைல் நேரத்தில் கிடைத்தன என்பதற்கான பதிவு அது. எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. வேண்டிய சொல்லை கிரெப் கொண்டு வடிகட்டினால் போதும்.

இந்தப் படியை முதலில் வைத்ததற்குக் காரணம், நான் ஒரு மாலைப்பொழுதை முழுவதுமாக இழந்ததுதான். ஒரு சிறிய அலுவலகத்தின் சர்வரில் /இடிசி/சாம்பா கோப்புறையிலுள்ள எஸ்எம்பி.கான்ஃபைத் திருத்துகிறேன், அதைச் சரிபார்க்கும் டெஸ்ட்பார்ம் கட்டளையை ஓட்டுகிறேன், பிழையில்லை என்கிறது, சர்வரை மறுதொடக்கம் செய்கிறேன். பகிர்வில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. எனக்கு முன்பு அதைப் பராமரித்தவர் மூலநிரலிலிருந்து வேறொரு சாம்பாவைக் கம்பைல் செய்து வைத்திருந்தார் என்பதும், ஓடிக்கொண்டிருந்தது அதுதான் என்பதும், அது படித்தது /யூஎஸ்ஆர்/லோக்கல்/சாம்பா/இடிசி கோப்புறையிலிருந்த கோப்பை என்பதும் மிகவும் பிந்தித்தான் தெரிந்தன. டெஸ்ட்பார்மும் பொய் சொல்லவில்லை. தன் கோப்பைப் படித்து, அது சரியாக இருக்கிறது என்று சொன்னது, அவ்வளவுதான். எந்தக் கோப்பைப் படித்தது என்பதை வெளியீட்டின் முதல் வரியிலேயே அது அச்சிட்டிருந்தும், நான்தான் கவனிக்கவில்லை. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எம்பிடி எந்தப் பாதையிலிருந்து ஓடுகிறது என்பதை பிஎஸ் கட்டளையால் பார்த்து, அந்த முழுப் பாதையையும் கொடுத்தே -பி கேள்வியைக் கேளுங்கள்.

இரண்டாம் படி: தேவையான நூலகங்கள்

மூலநிரலை விரித்ததும் பூட்ஸ்ட்ராப் என்ற கோப்புறைக்குள், டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற டிஸ்ட்ரோக்களுக்குத் தனித்தனியே, தேவையான தொகுப்புகளை நிறுவும் ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன. உங்களுடையதை ரூட் உரிமையோடு ஓட்டுங்கள். சற்று அதிகமாகவே நிறுவும். தொடக்கநிலையில் அது நல்லதே.

மூன்றாம் படி: பாதைகளைத் தீர்மானித்தல்

கம்பைலுக்கு முன், கணினியில் என்ன இருக்கிறது என்று சோதித்து நம் தேர்வுகளைப் பதிவு செய்யும் ஸ்கிரிப்ட் கான்ஃபிகர். ./கான்ஃபிகர் --ஹெல்ப் என்று கேட்டால் எல்லாத் தேர்வுகளும் பட்டியலாக வரும். எந்தத் தேர்வும் கொடுக்காவிட்டால் அனைத்தும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/சாம்பா என்ற ஒரே கோப்புறையின் கீழ் அமரும்: நிரல்கள் பின், எஸ்பின் ஆகியவற்றிலும், அமைப்புக் கோப்பு இடிசியிலும், கடவுச்சொல் தரவுத்தளமான பாஸ்டிபி.டிடிபி பிரைவேட்டிலும் இருக்கும். பழைய 3ஆம் வரிசைப் பதிப்புகளில் அமைப்புக் கோப்பு இடிசியில் இல்லாமல் லிப் கோப்புறையில் இருந்தது என்பதால், பழைய வழிகாட்டிகளைப் படித்துத் தேடுபவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

டிஸ்ட்ரோவின் வழக்கமான இடங்களே வேண்டும் என்றால் --எனேபிள்-எஃப்ஹெச்எஸ் என்ற தேர்வோடு, ப்ரிஃபிக்ஸுக்கு /யூஎஸ்ஆர், சிஸ்கான்ஃப்டிருக்கு /இடிசி, லோக்கல்ஸ்டேட்டிருக்கு /வார் என்று கொடுக்க வேண்டும். அப்போது அமைப்புக் கோப்பு /இடிசி/சாம்பாவிலும் பதிவேடுகள் /வார்/லாக்/சாம்பாவிலும் போய்ச் சேரும். டிஸ்ட்ரோவின் சாம்பா ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் கணினியில் இதைச் செய்தால் அதன் கோப்புகளின் மேலேயே உங்களுடையவை எழுதப்படும். அடுத்த புதுப்பிப்பு வரும்போது உங்களுடையவற்றின் மேல் அதன் கோப்புகள் எழுதப்படும். தொடக்கநிலையினருக்கு என் பரிந்துரை, தனிக் கோப்புறையான இயல்புநிலையே. தட்டச்சு செய்ய நீளமாக இருந்தாலும், எது யாருடையது என்பதில் ஐயம் வராது.

நான்காம் படி: வசதிகளைத் தீர்மானித்தல்

கோப்பும் அச்சும் மட்டும் பகிரும் சர்வருக்கு ஆக்டிவ் டைரக்டரியின் (வலையிலுள்ள பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பின்) தலைமை சர்வராக இயங்கும் திறன் தேவையில்லை. ஆகவே --வித்அவுட்-ஏடி-டிசி என்று கொடுத்து அதை விலக்கிவிடலாம். கம்பைல் நேரமும் குறையும். இதை --வித்அவுட்-ஏடிஎஸ் என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னது, ஏற்கெனவே இருக்கும் ஒரு ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் உறுப்பினராகச் சேரும் திறனையே நீக்கிவிடும்.

விண்டோஸிலிருந்து கோப்பு அனுமதிகளை மாற்ற ஏசிஎல் (யாருக்கு என்ன அனுமதி என்ற விரிவான பட்டியல்) ஆதரவு தேவை. அதற்கான நூலகம் இல்லையென்றால் கான்ஃபிகர் அங்கேயே நின்று, எந்தத் தொகுப்பை நிறுவ வேண்டும் என்பதையும், வேண்டாமென்றால் --வித்அவுட்-ஏசிஎல்-சப்போர்ட் என்று கொடுக்கலாம் என்பதையும் சொல்லும். அவசரத்தில் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொள்ளாமல், தொகுப்பை நிறுவிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

இப்படி நின்று சொல்லும் பிழைகளால் ஆபத்து இல்லை. ஆபத்து, சொல்லாமல் விடுபவற்றில்தான் இருக்கிறது; அச்சு வசதி அவற்றுள் முதன்மையானது. லினக்ஸில் அச்சுப்பொறிகளைக் கவனிக்கும் கப்ஸ் அமைப்போடு பேச, சாம்பாவுக்கு அதன் நூலகம் வேண்டும். கான்ஃபிகர், கப்ஸ்-கான்ஃபிக் என்ற சிறு நிரல் கணினியில் இருக்கிறதா என்று தேடுகிறது. கிடைக்கவில்லையென்றால் அந்தத் தேடலுக்கு எதிரே கிடைக்கவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு, நிற்காமல் மேலே போய்விடுகிறது. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே அந்த ஒரு வரி கண்ணில் படாது. இறுதியில் வெற்றிகரமாக முடிந்தது என்ற அறிவிப்பும் வரும். பிறகு எஸ்எம்பி.கான்ஃபில் பிரிண்டிங் = கப்ஸ் என்று எழுதினாலும், சாம்பா கப்ஸோடு நேரடியாகப் பேசாமல், பழைய சிஸ்டம் வி பாணி அச்சுக் கட்டளைகளைக் கொண்டு சமாளிக்கப் பார்க்கும். டெபியன், உபுண்டுவில் அந்தச் சிறு நிரல் லிப்கப்ஸ்2-டெவ் தொகுப்பில் உள்ளது. கப்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் எல்லாம் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஓடுவதற்கான தொகுப்பு வேறு, கம்பைல் செய்வதற்கான டெவ் தொகுப்பு வேறு.

ஆகவே கான்ஃபிகர் முடிந்ததும், கம்பைலைத் தொடங்கும் மேக் கட்டளையைக் கொடுக்கத் துடிக்கும் விரல்களைச் சற்று நிறுத்தி, மூலநிரலுக்குள் உள்ள பின் என்ற கோப்புறையில் உருவாகியிருக்கும் கான்ஃபிக்.லாக் கோப்பில் கப்ஸ் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். நீங்கள் கொடுத்த முழுக் கட்டளையையும் ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்டாக எழுதிச் சேமித்துவைப்பதும் இந்த இடத்தில்தான்; அடுத்த பதிப்பைக் கம்பைல் செய்யும்போது எந்தத் தேர்வுகளைக் கொடுத்தோம் என்பது நிச்சயம் நினைவிருக்காது. கான்ஃபிகர்.டெவலப்பர் என்று அருகிலேயே இன்னொரு கோப்பு இருக்கும். அது சாம்பாவை உருவாக்குபவர்களுக்கானது, தொடவேண்டாம்.

ஐந்தாம் படி: கம்பைல், நிறுவல், சரிபார்ப்பு

மேக் -ஜே4, பிறகு ரூட் உரிமையோடு மேக் இன்ஸ்டால். நிறுவிய பின் இடிசி கோப்புறையில் எஸ்எம்பி.கான்ஃப் இருக்காது, அதை நீங்களே எழுத வேண்டும். கட்டளைகளை எங்கே தேடுவது என்று ஷெல்லுக்குச் சொல்லும் பாத் மாறியில் புதிய பின், எஸ்பின் கோப்புறைகளை முன்னால் சேர்க்காவிட்டால், பயனரைச் சேர்க்கும் எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி கட்டளை டிஸ்ட்ரோவின் நிரலை அழைத்து, பயனரை வேறொரு தரவுத்தளத்தில் சேர்த்துவிடக்கூடும்.

இப்போது புதிய எஸ்எம்பிடியிடம் -பி கேள்வியைக் கேட்டு, கப்ஸ் என்ற சொல்லால் வடிகட்டுங்கள். ஹேவ் என்று தொடங்கும் வரிகள் வந்தால் அச்சு வசதி உள்ளே இருக்கிறது. ஒரு நிரல் எந்த நூலகங்களைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையில் லிப்கப்ஸ் தெரிகிறதா என்றும் பார்த்துவிடலாம். பழைய சர்வரை நிறுத்திய பிறகே புதியதைத் தொடங்குங்கள், ஏனெனில் 445ஆம் போர்ட்டை ஒரே முகவரியில் இரண்டும் பிடிக்க முடியாது.

ஏதேனும் விடுபட்டிருந்தால் நூலகத்தை நிறுவி, மேக் டிஸ்ட்க்ளீன் கொடுத்து முந்தைய கம்பைலின் எச்சங்களை நீக்கி, சேமித்துவைத்த ஸ்கிரிப்டை ஓட்டி, மறுபடியும் கம்பைல் செய்யுங்கள். பாதைகளை மாற்றாதவரை உங்கள் எஸ்எம்பி.கான்ஃபுக்கும் பயனர் கடவுச்சொற்களுக்கும் எதுவும் ஆகாது. பிரைவேட் கோப்புறையின் பாதையை மாற்றினால் மட்டும், சர்வரை நிறுத்தி, பழைய பிரைவேட் கோப்புறையின் கோப்புகளைப் புதிய இடத்துக்கு நகலெடுத்த பிறகு தொடங்குங்கள். இல்லையென்றால் சர்வருக்கு உங்கள் பயனர்களில் ஒருவரையும் தெரியாது.