சீனப் புத்தாண்டுக் காலத்தில் ரயிலில் இடம் பிடிக்க

சீனப் புத்தாண்டை ஒட்டிய சுமார் 40 நாட்களில், சீனாவின் பெருநகரங்களில் வேலை பார்ப்பவர்கள் கூட்டம் கூட்டமாகச் சொந்த ஊருக்குப் போய்த் திரும்புவதால், அந்நாட்டு ரயில்களில் இடம் கிடைப்பது மிகவும் கடினம். பயணச்சீட்டு விற்பனை 15 நாட்களுக்கு முன்புதான் தொடங்கும் என்பதால், ‘12306’ என்னும் சீன ரயில்வேயின் செயலியில் பாஸ்போர்ட் விவரங்களை முன்கூட்டியே பதிந்து, சரிபார்ப்பையும் முடித்து வையுங்கள். விற்பனை நாளன்று அந்த வேலையைத் தொடங்கினால், அது முடிவதற்குள் இடங்கள் தீர்ந்துவிடும். இடம் இல்லையென்றால் அதே செயலியில் காத்திருப்போர் பட்டியலில் சேரலாம்.

திசையையும் கவனியுங்கள். பண்டிகைக்கு முன் ஷாங்காய், குவாங்சோ போன்ற நகரங்களிலிருந்து சிச்சுவான், ஹெனான் போன்ற உள்நாட்டு மாகாணங்களின் பக்கம் போகும் ரயில்கள்தான் நிரம்பி வழியும். எதிர்த்திசையில் ஓரளவு எளிதாக இடம் கிடைக்கும், பண்டிகைக்குப் பின் இது தலைகீழாகிவிடும். முடிந்தால் புத்தாண்டு நாளன்றே பயணம் செய்யுங்கள் என்பேன், ஏனெனில் அன்று பெரும்பாலோர் குடும்பத்துடன் வீட்டில் இருப்பார்கள்.

ரயில் நிலையங்களின் தானியங்கி வாயில்கள் பலவற்றில் வெளிநாட்டு பாஸ்போர்ட்டை வைத்து நுழைய முடியாது. ஊழியர் நிற்கும் வழியாகத்தான் செல்ல வேண்டும் என்பதாலும், நுழைவாயிலிலேயே பைகளைச் சோதிப்பார்கள் என்பதாலும், ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். சிறு உணவகங்கள் பல அந்த வாரம் மூடியிருக்கும் என்பதால், குழந்தைகளை அழைத்துச் செல்வோர் பிஸ்கட், பழங்களைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது.