ஜப்பானில் லாரல் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஜப்பானியத் தோட்டங்களுக்கும் கோவில்களுக்கும் நம்மவர்களை அழைத்துப் போகும்போதெல்லாம், பளபளவென்று ஒரு பச்சை இலை கண்ணில் பட்டதும் யாராவது ஒருவர் "வெற்றிச் சின்னமான லாரல் இதுதானே?" என்று கேட்டுவிடுகிறார். பெயர் மாறிப்போவது சின்ன விஷயம், அதை விடுங்கள். கீழே சொல்லும் தவறுகள் அப்படியல்ல.

லாரலைச் சாமுராய் காலத்துக்குக் கொண்டுபோவது

கிரேக்கர்கள் வெற்றி மாலையாகச் சூடிக் கொண்டாடிய அந்த மரம் ஜப்பானுக்கு வந்ததே, சாமுராய் ஆட்சி முடிந்து வந்த மெய்ஜி காலத்தில்தான் (1868-1912). ரஷ்யாவை வென்ற நினைவாக ஜப்பானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் டோகோ 1906ல் டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் ஒன்றை நட்டார். வெற்றி என்ற அர்த்தமும் ஐரோப்பாவிலிருந்து கூடவே வந்ததுதான்.

அகுபா

இந்தத் தோட்டப் புதரை 'ஜப்பானிய லாரல்' என்று நர்சரிகளில் விற்பார்கள். லாரல் குடும்பமே இல்லை.

ஷிகிமியைப் பரிசாகக் கொடுப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே தவிர்த்துவிடலாம். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் பூக்களுக்குப் பக்கத்திலேயே இலைக்கொத்துகள் இருக்கும். சகாகி என்பது ஜப்பானின் பழைய மதமான ஷின்டோவின் சாமி மாடத்துக்கு, ஷிகிமி என்பது பௌத்தர்களின் கல்லறைக்கும் இறந்தவர்களுக்கான வழிபாட்டுக்கும். ஒசாகாவுக்கு வேலைக்கு வந்த ஒரு பையன், லாரல் என்று நினைத்து ஷிகிமிக் கொத்துக்கு ரிப்பன் கட்டி, பதவி உயர்வு கிடைத்த மேலாளரின் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டான். அந்தப் பக்கம் சாவு வீட்டு வாசலில் வைப்பதே அதைத்தான். கதவைத் திறந்த மேலாளரின் அம்மா கை நீட்டி வாங்கவில்லை, அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து அவனுக்கு அழைப்பும் வரவில்லை.

சரி, மனவருத்தத்தோடு போனால் பரவாயில்லை. ஷிகிமி நஞ்சு; அதிலுள்ள அனிசாட்டின் வலிப்பை வரவழைக்கும். அதன் காயோ நாம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவை அப்படியே உரித்து வைத்தது போலிருக்கும். ஜப்பானின் நச்சுப்பொருள் சட்டத்திலேயே அந்தக் காய் இடம்பெற்றிருக்கிறது. அன்னாசிப்பூத் தேநீர் குடித்தவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால், 2003ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டபோது சந்தேகம் விழுந்ததும் இதன் மேல்தான். கீழே கிடக்கிறதே என்று பொறுக்கி எடுத்து வராதீர்கள், தயவுசெய்து.

கற்பூர மரத்தைக் கவனிக்காமல் போவது

லாரல் குடும்பத்தில் ஜப்பானியர்கள் உண்மையிலேயே கும்பிடும் மரம் குசுனோகி, கற்பூரம் வடித்தெடுக்கும் அதே மரம். ககோஷிமாவில் காமோ ஹச்சிமான் கோவிலில் நிற்கும் மரத்தின் தண்டுச் சுற்றளவு மட்டும் 24.2 மீட்டர். நாகசாகி சன்னோ கோவிலின் இரண்டு மரங்கள் 1945ல் அணுகுண்டில் கருகி மொட்டையாக நின்று, பிறகு துளிர்த்தன, இன்றும் நிழல் தருகின்றன. இங்கெல்லாம் போனால் வேர் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். அடிமரத்தைச் சுற்றி வைக்கோல் கயிறு கட்டியிருந்தால் அதில் கை வைக்காதீர்கள்.