கோயில் சுவரில் செஷாத்தை அடையாளம் காண்பது எப்படி?

எகிப்தியக் கோயில் சுவரில் யாராவது எழுதிக்கொண்டு நின்றால் எழுத்தின் ஆண் தெய்வமான தோத் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அரிவாள்மூக்கன் தலை இருந்தால் தோத். பெண்ணாக இருந்தால் பெரும்பாலும் எழுத்தின் பெண் தெய்வமான செஷாத். பெயருக்கே 'எழுதுகிறவள்' என்றுதான் பொருள்.

முதலில் தலையைப் பாருங்கள். நெற்றிப்பட்டையிலிருந்து ஒரு தண்டு எழும்பும். அதன் நுனியில் ஏழு இதழ்: நடுவே ஒன்று, பக்கத்துக்கு மூன்று. அதற்கும் மேலே, கவிழ்த்த கொம்புகள் வளைவாகக் குடை பிடிக்கும். கல் தேய்ந்த இடத்தில் இதழ் எண்ணிக்கை ஏமாற்றும். அங்கே வளைவைத் தேடுங்கள். உச்சி வெயிலில் இதெல்லாம் தட்டையாகிவிடும். காலையோ மாலையோ போங்கள். உள்ளறையில் டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் கோடுகள் எழுந்து நிற்கும்.

அவள் அணியும் சிறுத்தைத்தோல் உடையை மட்டும் நம்ப வேண்டாம், சில பூசாரிகளும் அதைப் போர்த்துவார்கள்.

கையில் இருப்பதுதான் உறுதியான சான்று. நீண்ட பேரீச்ச மட்டை, அதில் வரிசையாக வெட்டுகள், ஒரு வெட்டு ஓர் ஆண்டு. மட்டையைக் கீழ்நோக்கித் தொடருங்கள். பல இடங்களில் அடியில் ஒரு வளையம், அதன்மேல் குட்டியாக ஓர் உயிர் இருக்கும். பல்லி என்று நினைப்பவர்கள் உண்டு, அது தலைப்பிரட்டை. எகிப்திய எழுத்தில் அதன் மதிப்பு 1,00,000. வளையம் முடிவின்மை. அரசனுக்கு அத்தனை ஆண்டு எழுதி வைக்கிறாள்! மண்டியிட்டு இரு கையிலும் மட்டை பிடித்திருப்பது ஹெஹ் என்ற ஆண் தெய்வம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எட்ஃபூ, தெந்தேரா கோயில்களில் இன்னொரு வேலையில் இருப்பாள். அரசன் எதிரே நிற்பான். இருவர் கையிலும் கொட்டாப்புளி, நடுவே இரண்டு முளை, இரண்டையும் சுற்றிய கயிறு. கோயிலுக்கு நூல் பிடிக்கிறார்கள். சப்தரிஷி மண்டலத்தைப் பார்த்து மூலைகளை நிறுத்துவதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

பழகிப் பார்க்க லுக்சர் கோயில் நல்ல இடம். அமர்ந்திருக்கும் 2ஆம் ராம்சேஸ் சிலையின் முன்னால் நின்று படமெடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். அரியணையின் பின்புறம் சுற்றிப் போங்கள். மட்டையில் ஆண்டு குறித்தபடி நிற்கிறாள்.